இரண்டு வருசமாகத் தெரிந்தவர்

முதலில் ரொயிலற் இரண்டையும் கழுவி முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். கழுவி முடித்ததும், மருந்து மணக்கிற கையோடு அந்தப் போமைத் தொடுவதா, காப்பெற்றுக்குத் தூசு உறிஞ்சுகிற ஹூவர் பிடித்துவிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஹூவரை நிற்பாட்டியதும் கீழே நிலவறையில் முதலாளி மிஸ்டர் கோன்லி பியர் பீப்பாய் உருட்டுகிற சத்தம் கேட்டது. வேலையாக நிற்கிற மனிசனைக் கூப்பிட்டு மேலே ஏற்றுவது மரியாதை இல்லை, அவராக வரட்டும். இப்படியே பத்து மணி ஆகிவிட்டது. பதினொன்றுக்கு முன்கதவு திறந்துவிடும். திறந்தால் தினமும் முதலில் வருகிற அந்த நாய்க்காரர் வந்து மூலை மேசையில் குந்திவிடுவார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வருவார்கள், நான் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் போய்விடவேண்டும். பை குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதற்குள் ஒரு பெரிய கடித உறை, உறைக்குள் என் கடைக்குட்டி ஆரணியின் பாஸ்போட்டுக்கு நிரப்பின போம், அவளின் இரண்டு படங்கள். சிரிக்கக்கூடாது என்று படம் பிடித்தவன் சொன்னதால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, எட்டு வயதிலேயே என் மாமியார் மாதிரி முழிக்கிறாள். ஆவணி பன்னிரண்டாந் திகதி வவுனியாவில் என் மூத்தவள் நிரோஜினிக்குக் கலியாணம். ஆனி பிறந்துவிட்டது. ஒரு கையெழுத்து வேண்டும். இந்த நாட்டில் ஒரு தகுதியான மனிசர், எங்களுக்குச் சொந்தமில்லாதவர், என்னை இரண்டு வருசமாவது தெரிந்தவர், ஓம் இது அந்தப் பிள்ளைதான், இவ அந்தத் தாய்தான் என்று எழுதி ஒரு கையெழுத்து. பிள்ளையாரப்பா, ஒரு கையெழுத்து. வாளியில் தண்ணீர் மாற்றவேண்டும், பழுப்பாகிவிட்டது.

பிள்ளையைத் தெரியுமா என்று மட்டும் கேட்டிருந்தால் எவ்வளவு சுகம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். ஆனால் போமில் கையெழுத்து வைக்கிற தாயை இரண்டு வருசமாகத் தெரிந்திருக்கவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறதாம். அதை எனக்கு வாசித்துச் சொன்னவன் மகன் மயூரதன், எங்களுக்கு மயூரன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அடுப்படியில் குழம்பைத் துழாவிக்கொண்டு நிற்கிறேன், என் புருசன், இவர், மேசையில் சோற்றுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறார், மயூரன் போனில் அந்தப் பட்டியலை வாசிக்கிறான். கணக்காளர், பாங்க் வேலைக்காரர், பல் டொக்டர், நெருப்பணைக்கிறவர், சவ அடக்கம் செய்கிறவர் என்று வாசித்துக்கொண்டு போனவன் பக்கென்று சிரித்தான். "அம்மா, பப் வச்சிருக்கிறவனும் சைன் பண்ணலாமாம். உங்களுக்கு ஆராவது பப்காரனைத் தெரியுமே?" அகப்பை என் கையில் அப்படியே நின்றுவிட்டது. இவர் தலையைக் குனிந்துகொண்டு சோறு போடாத கோப்பையைப் பார்த்தார். இவருக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகளுக்கு, கோயிலில் தெரிந்தவர்களுக்கு, வவுனியாவில் என் அக்காவுக்கு, எல்லாருக்கும் நான் ஒபிஸ் கிளீனிங். பொய்யும் இல்லை, முந்தி ஒபிஸ்தான். கொரோனாக் காலத்தில் அந்த ஒபிஸ் பூட்டுப்பட்டு, சுப்பவைசர்ப் பெண் ஒரு விலாசம் எழுதித் தந்தாள், வந்து பார்த்தால் பப். ஊரில் கள்ளுத் தவறணை என்று சொல்வோமே, அதுதான், காப்பெற் போட்ட தவறணை. முதல் நாள் அந்தப் புளிச்ச மணத்தில் எனக்கு ஓங்காளம் வந்தது. வீட்டுக்குப் போய்த் தலை முழுகி, விளக்கு வைத்து, முருகா, நான் குடிக்கவும் இல்லை, குடிக்கக் குடுக்கவும் இல்லை, சிந்தினதைத்தான் துடைக்கிறன் என்று சொன்னேன். முருகன் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. "இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார் இவர். முருகனுக்கு மட்டும் சொன்னேன். பிறகு சொல்லாமல் விட்டது பழகி, ஐந்து வருசம் போய்விட்டது. மயூரனுக்கு விளங்கவில்லை. "என்னம்மா பேசாமல் நிக்கிறியள்? பகிடிதானே விட்டனான்" என்றான். பகிடிதான் ராசா. பகிடிதான்.

இந்தக் கவுண்டருக்குக் கீழே பித்தளைக் குழாய் ஒன்று ஓடுகிறது, கால் வைக்கிறதற்காம், அதை மினுக்குவது எனக்கு விருப்பம். மினுக்க மினுக்கக் கோயில் குத்துவிளக்கு ஞாபகம் வரும். கோயில் என்றதும் பிரணவன் ஞாபகம் வருகிறான். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் கோயில் தலைவரின் மகன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், கணக்காளர். கோயில் மடப்பள்ளியில் நான் சமைக்கிற நாள்களில் வந்து கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுவான். பட்டியல் வாசிக்க முந்தி, முதல் தரம் போமை அவனிடம்தான் கொண்டுபோனேன், "மாமி, நீங்கள் கேட்டு நான் சைன் பண்ணாமல் விடுவனா?" என்று நின்ற நிலையிலேயே எழுதித் தந்தான். அதோடு நான் வந்திருக்கலாம். வராமல் படியில் நின்று புத்தி சொன்னேன். "தம்பி, அவங்கள் போன் பண்ணிக் கேட்டால் சும்மா தெரியும் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. எங்கடை ஆக்கள், சொந்தம் எண்டு சொல்லு. அப்பதான் மதிப்பாங்கள்." நான்தான் சொன்னேன். என் வாயால். எனக்குத் தெரிந்த உலகத்தில் அப்படித்தான். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் ஒரு கடதாசி எடுக்கப் போனால் "நீங்கள் ஆற்றை ஆள்?" என்று, யாரின் சொந்தம் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டுமென்றால் அங்கே வேலை செய்கிற ஒருவருக்கு நீ மச்சாளாக இருக்கவேண்டும். சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது, வெளியில் சொந்தம் இருக்கிறது என்று காட்டியவர்களைத்தான் முதலில் விட்டார்கள். நான் என் அக்காவின் பெயரைச் சொல்லித்தான் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அந்த முள்ளுக்கம்பியைத் தாண்டினேன். சொந்தம் என்ற சொல் கதவைத் திறக்கும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். பாஸ்போட் ஒபிசில் இருந்து பிரணவனுக்குப் போன் வந்ததாம். அவன் மனசு நிறைந்து, ஓம், அவ என்ர மாமி, நாங்கள் ஒரு குடும்பம் என்று சொன்னானாம். இரண்டு கிழமையில் போம் திரும்பி வந்துவிட்டது. சொந்தக்காரர் சாட்சி சொல்லக்கூடாது, வேறு ஆள் பிடி என்று ஒரு கடிதம். "மாமியும் இல்லை ஒண்டும் இல்லை, அவனை ஆறு வருசமாத்தானே எங்களுக்குத் தெரியும். ஆரம்மா அவனை இப்பிடிச் சொல்லச் சொன்னது?" என்று மயூரன் கத்தினான். நான் அகப்பையைக் கழுவினேன். பிரணவன் போனில் அழாத குறை. "சொறி மாமி, நான் நல்லதுக்கெண்டுதான்…" "பரவாயில்லை ராசா, நீ என்ன செய்வாய்." ஒரு மாசம் போய்விட்டது. அந்த ஒரு மாசத்தை நான்தான் தின்றேன். பித்தளையில் என் முகம் நீளமாகத் தெரிகிறது, மூக்கு மட்டும் பெரிசாக, இதைப் படம் என்று கொண்டுபோய்க் கொடுத்தால் யார் கையெழுத்து வைப்பார்கள்.

கோயில் ஐயரிடம் போனேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அர்ச்சனைத் துண்டைப் பார்க்காமலே சொல்லுவார், நிரோஜினி, சித்திரை நட்சத்திரம், கன்னி ராசி, மயூரதன், உத்தரட்டாதி, மீன ராசி, ஆரணி, ரோகிணி நட்சத்திரம், இடப ராசி என்று. எங்கள் குடும்பம் அவர் வாயில் கிடக்கிறது. பட்டியலில் மதகுருவும் இருக்கிறது என்று மயூரன் சொன்னவன்தானே என்று ஓடிப்போய்க் கேட்டேன். ஐயர் கற்பூரத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, எனக்கே விசாதான். கையெழுத்து வைக்கிறவரிட்டை இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கோணும். நான் உங்களுக்குச் சாட்சி சொன்னால் எனக்கு ஆர் சாட்சி?" ஆரணியின் ரீச்சர் நல்ல பிள்ளை, கதவடியில் கை காட்டுவாள். ஆனால் செப்ரெம்பரில்தான் வந்தவள், போன வருசம் வேறொருத்தி, அதற்கு முந்தின வருசம் இன்னொருத்தி. மேல்வீட்டு கிரேஸ் நேர்ஸ். ஆரணி பிறந்த அன்று அம்புலன்சில் என்னோடு வந்தவள். கானா நாட்டுக்காரி, நோவெடுத்த என் நாரி முதுகைத் தேய்த்துவிட்டவள், என் சத்தம் அவ்வளவும் கேட்டவள். அவளுக்கு என்னைத் தெரியாதென்றால் யாருக்குத் தெரியும். அவளின் பாஸ்போட் முடிந்து மூன்று வருசமாம். "நான் எங்கே போகப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்" என்று தலையில் கை வைத்தாள். டொக்டரிடம் போனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு டொக்டர், பெயரைக்கூட வாசிக்க முயற்சிக்காமல் பிறந்த திகதியைத்தான் கேட்பார்கள். பதினொரு வருசம் இந்த ஊரில் இருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் ஒருவருக்கும் கையெழுத்து வைக்கத் தகுதி இல்லை. தகுதி உள்ளவர்கள் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. மொப்பைப் பிழிந்துகொண்டு இதை நினைக்கிறபோது எனக்குப் பயம் வருகிறது, யாருக்குமே தெரியாமல் ஒரு ஆள் பதினொரு வருசம் இருந்தால் அந்த ஆள் இருந்தாளா இல்லையா என்று. இது கூடாத நினைப்பு. தெரிய வேண்டியவருக்குத் தெரியும். முருகனுக்குத் தெரியும். ஆனால் முருகனிடமும் பாஸ்போட் இல்லையே என்று நினைத்து, நினைத்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், ஈரக்கையோடு.

ஆரணியை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் போகலாம் என்றும் சொல்கிறார்கள். இவர் சொன்னார், மயூரன் சொன்னான், நிரோகூடச் சொன்னாள். "நீங்கள் வந்தால் காணும் அம்மா. தங்கச்சியைத் தம்பி பாப்பான்தானே." எனக்கு இப்போது பாஸ்போட் இருக்கிறது, போன வருசம் வந்தது, அலுமாரியில் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இவர் அங்கே கால் வைக்கப் பயப்படுகிறார், அது வேறு கதை. ஆனால் ஆரணியை விட்டுவிட்டு என்று அவர்கள் சொல்லும்போதே வவுனியா பஸ் நிலையம் வந்து எனக்கு முன்னால் நிற்கிறது. இவர் எங்களைக் கூப்பிடக் கடதாசி போட்டபோது நிரோவுக்குப் பதினாறு. கடதாசி ஒபிஸ் ஒபிசாக நடந்து வந்து சேர்ந்தபோது பதினெட்டும் மூன்று மாசமும். பதினெட்டுக்கு மேற்பட்ட பிள்ளை வரேலாது, தாயும் சின்னவனும் வரலாம். அந்த மூன்று மாசத்தை நான் எத்தனை தரம் கையில் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிசி, ஒரு பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, தகப்பனைக் கண்டு ஏழு வருசம். மற்றப் பிள்ளை வளர்ந்தவள், கெட்டிக்காரி, பெரியம்மாவோடு இருப்பாள், ஆறு மாசத்தில் ஏதாவது வழி பண்ணிக் கூப்பிடலாம். இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அவள் பஸ் நிலையத்தில் மயூரனுக்கு மாரி பிஸ்கற் வாங்கிக் கொடுத்தாள், எனக்கு ஒரு போத்தல் தண்ணீர். அழவில்லை. பஸ் எடுக்கிற நேரம் யன்னலுக்குக் கீழே வந்து, "அம்மா, வீட்டுத் துறப்பு என்னட்டைக் கிடக்கு" என்று சாவியைத் தூக்கிக் காட்டினாள். "வச்சிரு, வச்சிரு" என்றேன். அவ்வளவுதான் கதைத்தோம். ஆறு மாசம் பதினொரு வருசமாகிவிட்டது. இங்கே வந்து பார்க்க விசா கேட்டு மூன்று தரம் போட்டாள், மூன்று தரமும் இல்லை. ஆரணி பிறந்து, சிரித்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், எல்லாம் அக்காவுக்குப் போன் கண்ணாடிக்குள்ளால்தான். போன கிழமை ஆரணி கேட்கிறாள், "அம்மா, அக்காவுக்குக் கால் எப்பிடி இருக்கும்?" எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது, அவள் அக்காவை நெஞ்சு வரைக்கும்தான் கண்டிருக்கிறாள். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன். அவளைப் பார்க்க இன்னொரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகமாட்டேன். மணவறையில் அவள் நிமிர்ந்து பார்க்கும்போது நாங்கள் இரண்டு பேரும் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் நான் போகமாட்டேன், போகாமல் இருக்கவும் என்னால் ஏலாது. இரண்டுக்கும் நடுவில் இந்த மரப்பலகை நிலத்தை மூன்றாம் தரம் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், இந்த இடம் ஏற்கனவே துடைத்ததுதான்.

பத்து முப்பத்தைந்து. கீழே சத்தம் இல்லை. மேலே வரப் போகிறாரோ. வந்தால் என்ன சொல்கிறது. சேர், யூ நோ மீ ஃபைவ் இயர்ஸ். அது சரி. பிறகு? அவருக்கு என்னை எங்கே தெரியும்? காலையில் "மோர்னிங் லவ்" என்பார், இங்கே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நான் "மோர்னிங் சேர்" என்பேன், வெள்ளிக்கிழமை சம்பளக் கவரைத் தருவார், கிறிஸ்மசுக்கு ஒரு பெட்டி சொக்லேற். ஐந்து வருசத்தையும் கூட்டினால் ஒரு பஸ் பயணத்துக்குக் காணாத கதை. எனக்குத்தான் அவரைத் தெரியும். துடைக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியவரும். நீரிழிவுக் குளிசை எந்த மேசை லாச்சியில், மனைவி காலமான பிறகு எந்தக் கிழமைகளில் தானும் குடித்திருக்கிறார், மேலே அவர் வீட்டுக் குளியலறையில் இன்னும் இருக்கிற அந்த மனிசியின் பற்தூரிகை. கல்லாப்பெட்டிக்கு மேலே மனைவியின் படத்துக்குப் பக்கத்தில்தான் அவரின் பாஸ்போட். தூசு தட்டும்போது கண்டிருக்கிறேன், மட்டையில் பொன் நிறத்தில் யாழ் மாதிரி ஒரு வாத்தியம் போட்டிருக்கும். அயர்லாந்துப் பாஸ்போட்டும் செல்லும் என்று பட்டியலில் இருக்கிறதாம். யாழ் போட்ட பாஸ்போட் வைத்திருக்கிற ஒரு மனிசனிடம்தான் நான் கேட்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது போல. ஆனால் அவர் தொழில் என்ற கட்டத்தில் பப் நடத்துபவர் என்று எழுதுவார். அதை மயூரன் வாசிப்பான். இன்னொரு தரம் வாசிப்பான், பிறகு, "அம்மா, ஐந்து வருசமா நீங்கள்…" என்று தொடங்குவான், முடிக்கமாட்டான். வெள்ளிக்கிழமைக் கவரில்தான் அவன் கொலிச்சுக்குப் பஸ் ஏறினான். அவன் கோபப்பட்டால் தாங்குவேன். அவன் தகப்பனைப் போலத் தலையைக் குனிந்தால்தான் தாங்கமாட்டேன். முருகா, நீ எத்தனை கதவு வைத்தாய், கடைசியில் இந்தக் கதவைத்தானா எனக்குத் திறந்து வைத்தாய். திறந்துதான் வைத்தாயா. அவர், மன்னிக்கவேணும் லவ், எனக்கு உன்னை அவ்வளவாகத் தெரியாதே என்று சொன்னால்? அது உண்மையாகவும் இருக்குமே.

படியில் கால் சத்தம். மொப்பைச் சுவரில் சாத்தி, கையை ஏப்ரனில் துடைத்து, இன்னொருக்கால் துடைத்து, பைக்குள் இருந்து உறையை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். மிஸ்டர் கோன்லி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் உறையைக் கண்டதும் நின்றார். "என்ன இது, வேலையை விடுகிற கடிதமா? வேண்டாம் லவ். நீ போனால் இந்தக் கடை ஒரு கிழமையில் நாறிப்போகும்." "இல்லை சேர். கையெழுத்து. என் சின்ன மகள், பாஸ்போட்." பழகி வைத்திருந்த இங்கிலிஷ் வசனம் முழுக்க அப்படியே காணாமல் போய்விட்டது. போமைக் கவுண்டரில் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆட்கள் போமை வாசிக்கிற மாதிரி இல்லாமல், ஒரு வரியும் விடாமல் வாசித்தார். "மதிப்பான ஆள் வேண்டும் என்று போட்டிருக்கிறது. நான் மதிப்பான ஆள் என்று உனக்கு யார் சொன்னது?" "லிஸ்ற்றில் இருக்கிறது சேர். சவ அடக்கம் செய்கிறவருக்குக் கீழே." அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கில் இருந்து வழுகியது. "அவருக்குக் கீழேதான் எல்லாரும்" என்றார். பேனையை எடுத்தவர் உடனே எழுதவில்லை. "கூப்பிட்டுக் கேட்பார்களா?" "கேட்பார்கள் சேர். சொந்தம் என்று சொல்லவேண்டாம். தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள்." "சரி. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்க்கிறேன், பிழை என்றால் திருத்து." பேனையின் பின்பக்கத்தால் கவுண்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினார். "ஐந்து வருசத்துக்கு முந்திப் பனிக்காலத்தில் வந்தாய். பெயர் தவமலர், நான் பிழையாகத்தான் சொல்கிறேன். புருசனுக்கு வெயர்ஹவுஸ் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தேத்தண்ணி மட்டும், பிஸ்கற்றையும் தொடமாட்டாய். நிலம் துடைக்கும்போது உனக்குள் ஏதோ பாடுவாய், கேட்டால் நிற்பாட்டிவிடுவாய் என்று நான் கீழேயே இருந்துவிடுவேன். என் மனிசி நோயில் மேலே படுத்திருந்த மூன்று மாசமும் நீ ஹூவரைத் தொடவில்லை. இந்த முழு இடத்தையும் கையால் கூட்டினாய். நான் ஒருநாளும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை." நான் நிலத்தைப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. அவர் கீழே இருந்தது பீப்பாய்க்காக இல்லை என்று எனக்குத் தெரியாது. "பிள்ளைகள் இரண்டு. பெரிய பையன் ஒருவன், இந்தச் சின்னவள். சரியா?"

சரி என்றால் முடிந்தது. பேனை கடதாசியில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் அவர் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டபோது நான் இரண்டு விரல் காட்டினேன். அவருக்கு மட்டும் இல்லை, பஸ்சில் பக்கத்தில் இருந்து கேட்கிறவர்களுக்கு, பள்ளிக்கூடத்துக் கதவடியில் கேட்கிற தாய்மாருக்கு, இந்த நாட்டில் எனக்கு வந்த அத்தனை போமிலும், உன்னோடு இருக்கும் பிள்ளைகள் என்ற கட்டத்தில், இரண்டு, இரண்டு. மூன்று என்றால் அடுத்த கேள்வி மற்றது எங்கே என்று வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அதற்கு அடுத்த கேள்வியை வாயால் கேட்கமாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள். இப்போது சரி சேர் என்று சொன்னால் கையெழுத்து விழும், போம் போகும், பாஸ்போட் வரும், போய் அவளைப் பார்க்கலாம். அவளைப் பார்க்கப் போகிறதற்காக அவள் இல்லை என்று இன்னொரு தரம் சொல்லவேண்டும், ஒரே ஒரு தரம், கடைசித் தரம். கடவுளே, ஒரு சொல்தானே. வாயைத் திறந்தேன். "மூன்று" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "மூன்று சேர். மூத்தவள் ஒருத்தி. ஊரில். நான் உங்களுக்கு இரண்டு என்று சொன்னது பொய்." பேனையைக் கீழே வைத்துவிட்டார். கெடுத்துவிட்டேன், பிரணவனிடம் போய்க் கெடுத்த மாதிரி இங்கேயும் என் வாயாலேயே கெடுத்துவிட்டேன். ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளை என்றுகூடத் தெரியாத மனிசன், இவளைத் தெரியும் என்று எப்படி எழுதுவான். முன்கதவை யாரோ தட்டினார்கள். மணிக்கூட்டைப் பார்த்தேன், பதினொன்று ஐந்து. நாய் குரைத்தது, திரும்பவும் தட்டினார்கள். "இன்னும் திறக்கவில்லை!" என்று மிஸ்டர் கோன்லி கதவைப் பார்த்துக் கத்தினார். வெளியில் அந்த நாய்க்காரர் ஏதோ பேசிப் புறுபுறுத்தார். "பொறுத்துக்கொள், நீ தாகத்தில் சாகமாட்டாய்!" பிறகு கவுண்டருக்கு வெளியே வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இரு." நான் இருக்கவில்லை. இந்தக் கதிரைகளை ஐந்து வருசமாகத் துடைக்கிறேன், ஒருநாளும் இருந்ததில்லை. "இரு, லவ்." இருந்தேன். "பெயர் என்ன, அந்த மூத்தவளுக்கு?" சொன்னேன். அவர் வாயில் நிரோ வரைக்கும் வந்தது, மிச்சம் வரவில்லை, திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னேன். மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். எங்கள் ஆக்கள் இல்லாத ஒருவர் வாயில் அந்தப் பெயர் இந்த நாட்டில் ஒலித்தது எனக்கு எப்படியோ இருந்தது. அவர் போமை இழுத்து எழுதத் தொடங்கினார். தொழில் என்ற கட்டத்தில் பெரிய எழுத்தில், மறைக்காமல், பப் நடத்துபவர் என்று எழுதினார். மயூரன் வாசிக்கட்டும். எத்தனை வருசம் என்ற இடத்தில் ஐந்து. யாழ் போட்ட பாஸ்போட்டை எடுத்துவந்து நம்பரை இரண்டு தரம் சரிபார்த்தார். ஆரணியின் படத்தைத் திருப்பி, அதன் முதுகில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, இது இந்தப் பிள்ளையின் மெய்யான தோற்றம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மை காயட்டும் என்று படத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே, கதவுக்கு வெளியே நாய் பிறாண்டுகிற சத்தத்தைக் கவனிக்காதவர் மாதிரி, "எப்படிப்பட்டவள் அவள்?" என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கினேன். கெட்டிக்காரி. புட்டோடு வாழைப்பழம் சாப்பிடமாட்டாள். இருட்டென்றால் பயம், விளக்குப் போட்டு வைத்தால்தான் நித்திரை கொள்ளுவாள். தம்பி அழுதால் இவளும் சேர்ந்து அழுவாள். சொல்லிக்கொண்டு போகப் போக என் குரல் மெதுவாகியது. இப்போது விளக்கு இல்லாமல் நித்திரை கொள்ளுகிறாளோ. வாழைப்பழம் பிடிக்குமோ. அழுகிறாளோ, எனக்குத் தெரியாத யாருக்கு முன்னால் அழுகிறாளோ. இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் படத்தைத் தந்து, தாயே, இதன் முதுகில் நீ எழுது, இவளை உனக்கு இரண்டு வருசமாவது தெரியுமா என்று யாரும் கேட்டால் நான் எந்தக் கையால் எழுதுவேன். மிஸ்டர் கோன்லி காத்துக்கொண்டு இருந்தார். படத்தின் மை காய்ந்திருந்தது.

"பதினெட்டு வயசு வரைக்கும்தான் அவளை எனக்குத் தெரியும், சேர்" என்றேன். "மிச்சத்தை இனித்தான் போய்ப் பார்க்கவேணும்."